அதிமதுரம்: இனிப்பிலேயே உள்ள மருந்தும் ஆபத்தும்

தொண்டை கட்டிக்கொண்டால் பாடகர்களும் மேடைப் பேச்சாளர்களும் ஒரு சிறு குச்சியை வாயில் அடக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அதிமதுரம். மிகுந்த இனிப்பு என்பதே பெயரின் பொருள். வடமொழியில் யஷ்டிமது, அதாவது இனிப்புக் குச்சி. கிரேக்கப் பெயருக்கும் இனிப்பு வேர் என்றுதான் அர்த்தம். அவரை இனத்தைச் சேர்ந்த இச்செடி தென் ஐரோப்பாவிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா வரை வளர்கிறது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே, மூச்சுத் திணறலுக்கும் வறட்டு இருமலுக்கும் இவ்வேர் பயன்பட்டதைக் கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் எழுதி வைத்துள்ளார். நம் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களும் இருமல், குரல் கம்மல், சளி ஆகியவற்றுக்கே இதைப் பெரிதும் கொடுக்கின்றனர்.

இனிப்புக்குக் காரணம் சர்க்கரை அன்று. கிளிசரைசின் என்ற பொருள். இது சர்க்கரையைப்போல் 30 முதல் 50 மடங்கு இனிக்கும். உடனே இனிக்காது, சற்றுத் தாமதித்துத் தொடங்கி நெடுநேரம் நாவில் நிற்கும். இது சோப்பைப் போன்ற சப்போனின் வகையைச் சேர்ந்தது. ஒரு சோதனைக் குழாயில் சிறிது அதிமதுரத் தூளும் நீரும் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். நிலைத்து நிற்கும் நுரை வரும். நீரின் பரப்பு இழுவிசை குறைந்ததே காரணம். தீயணைப்புக் கருவிகளில் நுரை கலையாமலிருக்க ஒரு காலத்தில் அதிமதுரச் சாற்றைச் சேர்த்ததும் இதனால்தான். (சிகரெட் புகையின் காரம் தெரியாமலிருக்கவும் இதைப் புகையிலையில் சேர்க்கிறார்கள். நெஞ்சுக்கு இதமளிக்கும் வேருக்கு இப்படியும் ஒரு வேலை!)

தொண்டைக்கு இது இதமளிப்பது கற்பனையன்று. அறுவைச் சிகிச்சையின்போது மூச்சுக்குழலில் குழாய் செருகப்பட்டவர்களுக்குப் பின்னர் தொண்டை வலிப்பது வழக்கம். மயக்க மருந்து கொடுக்குமுன் அதிமதுர நீரால் கொப்பளித்தவர்களுக்கு இவ்வலி குறைந்ததை இந்தியாவிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. கொப்பளித்துத் துப்பிவிட்டால் உடலுக்குள் செல்வது மிகச் சிறிதே என்பதையும் கவனியுங்கள். ஆனால் ஆஸ்துமாவை இது குணப்படுத்தும் என்பதற்கு இத்தகைய உறுதியான சான்று இல்லை.

விழுங்கினால் கதை வேறு. 1946இல் ஹாலந்து நாட்டு மருத்துவர் ரெவர்ஸ் இரைப்பைப் புண்ணுக்கு அதிமதுரச் சாற்றைக் கொடுத்தார். புண் ஆறியது. ஆனால் ஏறத்தாழ ஐந்து நோயாளிகளில் ஒருவருக்கு உடலில் நீர் கோத்து வீக்கம் கண்டது. ஏன்?

நம் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கக் கட்டளையிடும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அதனைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் அங்குள்ள செல்களில் உள்ளன. அதிமதுரம் ஆல்டோஸ்டிரோனைப்போல் நடித்து ஏற்பியை ஏமாற்றுகிறது என்றுதான் முதலில் எண்ணினர். ஆனால் இதில் ஓர் இடறல் இருந்தது. அட்ரீனல் சுரப்பி செயலிழந்தவர்களுக்கு அதிமதுரத்தை மட்டும் கொடுத்தால் இந்த விளைவு பெரும்பாலும் தோன்றவில்லை. நடிப்பது அதிமதுரமானால் சுரப்பி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

விடை 1987இல் எடின்பரோவில் தெளிவாயிற்று. அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனையும் சுரக்கிறது. இரத்தத்தில் இது ஆல்டோஸ்டிரோனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அதே ஏற்பியில் நன்றாகவே பொருந்தும். இருந்தும் அது உள்ளே நுழையாதபடி ஒரு நொதி வாயிற்காவலனாக நின்று கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் கிளிசரைசினை உடைப்பதால் கிடைக்கும் அமிலம் இந்தக் காவலனைத்தான் செயலிழக்கச் செய்கிறது. அப்புறம் கார்ட்டிசாலுக்குத் தடையில்லை. சோடியமும் நீரும் உடலில் தங்குகின்றன. பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசை தளர்கிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அமெரிக்காவில் மூன்று வாரங்களாக நாள்தோறும் பொட்டலம் பொட்டலமாகக் கறுப்பு அதிமதுர மிட்டாய் தின்ற 54 வயதுக்காரர் ஒருவர், பொட்டாசியம் மிகக் குறைந்து இதயம் நின்று இறந்ததை 2020இல் மருத்துவ ஏடு ஒன்று வெளியிட்டது.

அப்படியானால் எவ்வளவு உண்ணலாம்? நாள்தோறும் கிளிசரைசின் 100 மில்லிகிராமுக்கு மேல் போகவேண்டாம் என்பது ஐரோப்பிய அறிவியல் குழுவின் பரிந்துரை. ஒரு சிறு கணக்குப் போடுவோம். வேரில் கிளிசரைசின் 4 சதவீதம் என்று கொள்வோம். ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 3 கிராம். 3,000 மில்லிகிராமில் 4 சதவீதம் என்பது 120 மில்லிகிராம். ஒரே கரண்டியில் எல்லை தாண்டிவிட்டது! வேருக்கு வேர் இவ்வளவு மாறுபடுவதால் கணக்கும் மாறும். சில வேர்களில் இதைப்போல் இரு மடங்கும் இருப்பதுண்டு. இரண்டொரு நாள் இருமலுக்குச் சிறிதளவு கஷாயம் குடிப்பதால் நலமுள்ளவருக்குக் கேடு வருவது அரிது. மாதக்கணக்கில் தினமும் தேநீரில் போட்டுக் குடிப்பதே என் பார்வையில் தவறு. நிறுத்தினாலும் விளைவு அடங்கச் சில நாட்கள், சில வேளை வாரங்களே ஆகும்.

இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற பெண்களும் அப்படியே. தாயின் கார்ட்டிசால் சிசுவை அடையாமல் காப்பதும் நஞ்சுக்கொடியிலுள்ள இதே நொதிதான். நீர் பிரிவதற்கான மாத்திரை உண்பவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறையும். இழுப்புக்காரர்கள் இன்னும் விழிப்பாக இருக்கவேண்டும். மூச்சுக்குழலை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் குறைப்பவை. அவற்றோடு அதிமதுரமும் சேர்ந்தால் மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும். கைமருந்தை நம்பி இன்ஹேலரை நிறுத்துவது அதனினும் ஆபத்து. எது உண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது தூளாக வாங்காமல் குச்சியாக வாங்குவது மேல். மேல்தோல் பழுப்பாகவும் உள்ளே மஞ்சளாகவும் நாராகவும் இருக்கும். குன்றிமணிக் கொடியின் வேரும் இனிப்பதால் அதற்கு இந்திய அதிமதுரம் என்ற பெயர் உண்டு. இதற்குப் பதிலாக அது விற்கப்படுவதும் உண்டு. அது வேறு செடி. அதன் சிவந்த விதையிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சாகும்.