ஒழிபு அளவையும் வள்ளத்துப் பற்றரியும்

பொருளொன்று காணாமற் போனால் வீட்டிலுள்ளார் அனைவரையும் ஒருங்கே ஐயுறுவது பேதைமை. ஒவ்வொருவராக நீக்கி, எஞ்சியவரை நோக்குவதே அறிவுடைமை. தருக்க நூலார் இதனை ஒழிபு என்பர். பாரிசேடம் என்பது அதன் வடமொழிப் பெயர். இவ்வளவை ஏட்டோடு நிற்பதன்று, கடற்றொழிலாளர்க்கும் கைகொடுப்பது என்பதை வடமராட்சிக் கரையிற் கண்டேன்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் இயந்திர வள்ளம் வைத்துத் தொழில் செய்பவர். மூன்று நாள் கடலுக்குப் போகாதிருந்தால் அவரது பற்றரி சோர்ந்துவிடும். புதியது வாங்குமாறு பலரும் கூறினர். நடுக்கடலிற் பற்றரி சோர்ந்தால் இயந்திரம் கிளம்பாது. ஊறும் நீரை இறைக்கும் பம்பி இயங்காது. கரையை அழைக்கும் வானொலிக் கருவியும் ஊமையாகும். ஆகவே இது பணத்தைப் பற்றிய வினா மட்டுமன்று, உயிரைப் பற்றியதுமாம்.

அவர் முதலிற் பற்றரியையே சோதித்தார். நன்கு மின்னேற்றி, இரு கம்பிகளையும் கழற்றி வைத்தார். மறுநாட் காலை 12.6 வோல்ற்று, மூன்று நாளின் பின்னும் ஏறக்குறைய அதுவே. எனவே பற்றரி குற்றமற்றது.

பின்னர் கருவிகள் யாவற்றையும் நிறுத்தி, நேர்க் கம்பியை மீளப் பூட்டி, மறைமுனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே அம்பியர்மானியை இணைத்தார். (இந்நிலையில் இயந்திரத்தைக் கிளப்பலாகாது, பேரோட்டம் மானியைக் கெடுக்கும்.) எதுவும் இயங்காதபோதும் மானி 0.5 அம்பியர் காட்டிற்று. சிறிதெனத் தோன்றினும் இது நாளொன்றுக்கு 12 அம்பியர்-மணியாகும். 70 அம்பியர்-மணிப் பற்றரி மூன்று நாளிற் பாதி வற்றிவிடும்.

அடுத்து உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விளக்கின் உருகியைக் கழற்றியும் எண் மாறவில்லை. வானொலியினதைக் கழற்றியும் மாறவில்லை. பம்பியின் உருகியைக் கழற்றியதும் மானி பூச்சியத்துக்கு இறங்கிற்று. ஆளில்லா வேளையிலும் நீரிறைக்க வேண்டியதாகலின், பம்பி பொது ஆளியைச் சாராது நேரே பற்றரியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதன் கம்பி இணைப்பு, உறை பிளந்து, செம்பு பச்சை பூத்து, வள்ளத்தடி உப்புநீரிற் கிடந்தது. அந்நீர் வழியே மின் ஒழுகியது. அக்கசிவு நீடித்தால் அருகிலுள்ள உலோகத்தையும் அரித்துவிடும். கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, புதிய இணைப்பை நீர் புகாவண்ணம் மூடி, உயர்த்திக் கட்டினார். பற்றரி அதன்பின் சோரவில்லை.

புதுப் பற்றரி வாங்கியிருப்பின் அதுவும் மூன்றாம் நாள் சோர்ந்திருக்கும். தருக்கத்தை மனனஞ் செய்வோர் பலர். அதனாற் பயன்கொள்வோர் சிலர். ஆசிரிய நண்பர்கள் ஒழிபைக் கற்பிக்குமிடத்து இவ்வுதாரணத்தையும் எடுத்துக் காட்டுவார்களாக.