தோட்டத்து அழகு, காட்டுக்குக் கேடு

புது தில்லி: நர்சரிகளில் பூந்தொட்டியோடு விற்கப்படும் லான்டானாதான் நம் ஊரில் உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளில் தோன்றி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காலத்துக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. இன்று அதன் கைவசம் உள்ள நிலம் எவ்வளவு? புலிகள் வாழும் காடுகளில் மட்டும் 40 சதவீதத்துக்கு மேல், அதாவது சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர் என்கிறது டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவன விஞ்ஞானிகள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு.

மஞ்சளாக விரியும் பூ பின்னர் நிறம் மாறுவது வெறும் ஒப்பனையன்று. மஞ்சள் நிறம் இலைப்பேன்களை ஈர்த்து மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவதைத் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எச்.ஒய். மோகன்ராம் தம் சக ஆய்வாளருடன் 1978-இல் விளக்கினார். பயிர்களில் சாற்றை உறிஞ்சும் பூச்சி, இங்கே செடிக்குத் தரகராகி விடுகிறது! கரும்பழங்களைக் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று விதைகளைத் தொலைவில் எச்சமிடுகின்றன. புதர் மண்டிய இடத்தில் புல் குறைகிறது. புல் குறைந்தால் மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி ஏது? இலையைத் தின்னும் மாடுகளுக்கோ கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும்.

1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பூச்சியைத் தருவித்தும் பார்த்தார்கள். அது இலையைக் கெடுத்தது. செடியோ மீண்டும் தழைத்தது. மேலே வெட்டினாலும் தீ வைத்தாலும் துளிர்ப்பதே இதன் இயல்பு. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் காட்டிய வழி எளிது: தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலர விட வேண்டும். வீட்டுத் தோட்டத்திலும் இதுவே போதும். காய் பழுக்கும் முன் செய்வது நல்லது. பறவைகள் அமரும் மரத்தடியில் முளைக்கும் கன்றுகளை மழைக்குப் பின் பிடுங்கத் தவறக் கூடாது. வெறுமையான இடத்தில் உள்ளூர்ப் புல்லை விதைக்காவிட்டால் பட்ட பாடு வீண்.

வேலி வேண்டுவோருக்கு மருதாணி இருக்கிறது. வெட்டிய தண்டும் வீணாவதில்லை. நீலகிரிப் பகுதிப் பழங்குடியினர் அதைக் கொண்டு முழு உருவ யானைகளைச் செய்கிறார்கள். 2021-இல் லண்டன் பூங்காக்களில் அவை நின்றன.