படியெடுத்துத் தப்பிய மரபணு

விந்தணு நீந்துவதற்கு ஆற்றல் வேண்டும். அதன் வாலில் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் நொதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பாஸ்போகிளிசரேட் கைனேஸ். உடலின் மற்ற உயிரணுக்களில் இதை உருவாக்கும் மரபணு பிஜிகே1. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சிக்கலே இங்குதான்! விந்தணு உருவாகும்போது எக்ஸ் குரோமோசோம் மௌனமாக்கப்படுகிறது. போதாக்குறைக்கு, பாதி விந்தணுக்களுக்கு எக்ஸ் கிடைப்பதே இல்லை, ஒய்தான் கிடைக்கிறது. பிறகு நொதி எங்கிருந்து வரும்?

6ஆம் குரோமோசோமிலிருந்து. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிஜிகே1இன் ஆர்.என்.ஏ. படி ஒன்று மீண்டும் டி.என்.ஏ.வாக மாறி, வேறொரு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டது. அதுவே பிஜிகே2. ஆர்.என்.ஏ.வில் வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டுகள் மூல மரபணுவில் உண்டு, இதில் ஒன்றுகூட இல்லை என்பதை 1987இல் மெக்கேரி, தாமஸ் எனும் ஆய்வாளர்கள் காட்டினர். இப்படி ஒட்டிக்கொள்ளும் படிகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும். இது மட்டும் இன்றும் உழைக்கிறது.

2010இல் வெளிவந்த ஆய்வில், இந்த மரபணு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளின் விந்தணு எண்ணிக்கை குறையவில்லை. நீச்சல்தான் தளர்ந்தது; கருவுறச் செய்யும் திறனும் வெகுவாகச் சரிந்தது.

நம் வீடுகளிலோ பிள்ளை இல்லையென்றால் முதலில் கிளினிக்குக்கு அனுப்பப்படுபவள் மருமகள். கணவனுக்கும் ஒரு பரிசோதனை உண்டு. அதில் எண்ணிக்கையோடு நீச்சலையும் பார்ப்பார்கள்.