வேலை இடத்தில் தீக்காயமா? கையெழுத்துப் போடுவதற்கு முன்...

கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது... பாய்லர் குழாயில் நீராவி பீறிட்டுவிட்டது... ஆசிட் கேன் சரிந்துவிட்டது... வேலைக்குப் போன பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக வீட்டுக்குத் தகவல் வருகிறது. நீங்கள் பதறிப்போய் நிற்கிற நேரத்தில் முதலாளி வந்து, "செலவை நான் பார்த்துக்கறேன், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். நம்மில் பலர் நன்றியோடு போட்டுக் கொடுத்துவிடுவோம்!

கொஞ்சம் பொறுங்கள். வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு நஷ்டஈடு என்பது சலுகை அல்ல, சட்டம் தரும் உரிமை. 1923-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அதே உரிமை, 2020-ம் வருடத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வருகிறது.

முதல் 20 நிமிஷம்

காயம் பட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிடுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதுவும் பூசக்கூடாது. மோதிரம், வாட்ச், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஆளைத் தொட வேண்டும்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் விபத்துப் பதிவேட்டில் 'எங்கே, எப்படி நடந்தது' என்று எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பது இதன் நகல்தான். "போலீஸ் கேஸ் ஆயிடும், வீட்டுல ஸ்டவ் வெடிச்சதுன்னு சொல்லிடுங்க" என்று யாராவது காதைக் கடிப்பார்கள். சம்மதிக்காதீர்கள்! வேலை செய்த இடத்தில்தான் நடந்தது என்பதற்கு முதல் சாட்சியே அந்த ஒரு வரிதான். பின்னால் மாற்றிச் சொன்னால் நம்பவைப்பது கஷ்டம்.

'உன் தப்புதானே?' என்றால்...

கவனக்குறைவு மட்டுமே நஷ்டஈட்டை மறுக்கக் காரணம் ஆகாது. முதலாளி மீது தப்பு இருப்பதாக நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. குடித்துவிட்டு வேலை பார்த்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது - இப்படிச் சில காரணங்களைத்தான் முதலாளி காட்ட முடியும். உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இவையும் எடுபடாது. "அவர் கான்ட்ராக்டர் ஆளுங்க" என்று கைகழுவவும் முடியாது. யாருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ, அவரிடமே கேட்கலாம்.

இ.எஸ்.ஐ. உண்டா?

இதுதான் முதல் கேள்வி. இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர் என்றால் இந்தச் சட்டப்படி முதலாளியிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ.யே சிகிச்சை தரும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தரும். ஊனம் நிரந்தரமானால் மருத்துவ போர்டு சொல்லும் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் பணம் வரும். முதலாளி விபத்து அறிக்கை அனுப்பிவிட்டாரா என்று மட்டும் விடாமல் விசாரியுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லையா? அப்போது பொறுப்பு முதலாளியுடையது. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும். தற்காலிக ஊனத்துக்கு, 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு. சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவு தனி.

நிரந்தர ஊனத்துக்கு எவ்வளவு?

ஆறு பேர் வேலை பார்க்கிற ஸ்வீட் ஸ்டாலில் ஒரு சரக்கு மாஸ்டர். வயசு 30, சம்பளம் 15,000 ரூபாய். (கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 2020-ல் அறிவித்த உச்சவரம்பும் இதுதான்.) சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அதை 30 வயசுக்குச் சட்டம் சொல்லும் 207.98 என்ற எண்ணால் பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. கை சுருங்கி, சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டதாக டாக்டர் மதிப்பிட்டால் 7,48,728 ரூபாய். முகம் மிகக் கடுமையாகச் சிதைந்துபோனால் சட்டம் அதை 100 சதவீத இழப்பாகவே கருதுகிறது.

தழும்பு ஆறும்வரை கணக்கை முடிக்காதீர்கள்

புண் ஆறிவிட்டதே என்று சீக்கிரம் செட்டில்மென்டுக்கு ஒப்புக்கொள்வதில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. ஆழமான தீக்காயத்தின் தழும்பு ஒரு வருஷத்துக்கு மேலும் மாறிக்கொண்டே இருக்கும். தடிக்கும், அரிக்கும், சுருங்கும். மூட்டுக்கு மேலே இருந்தால் விரலையோ முழங்கையையோ மடக்கி இழுத்துவிடும். பிசியோதெரபியும் சிலருக்கு மறுபடி ஆபரேஷனும் தேவைப்படும். அடுப்பு முன்னால் நிற்கவே முடியாதவர்களும் உண்டு. இழப்பு எவ்வளவு என்பது முதல் மாதத்தில் தெரியாது!

அதற்காக மனுவையும் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். முதலில் மனு, ஊனச் சான்று பிறகு என்பதே நல்ல வழி.

ஏற்கெனவே 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டாச்சா? பயப்படாதீர்கள். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

எங்கே போவது?

நடந்ததை எழுதி முதலாளிக்குப் பதிவுத் தபாலில் உடனே அனுப்புங்கள். பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் வசிக்கும் பகுதியிலும் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவச உதவி உண்டு.

ஒரு ஃபைலில் இவை இருக்கட்டும்: ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், சம்பளம் வந்த பாஸ்புக் பக்கம், வயசுச் சான்று, கூட வேலை செய்தவர்களின் பெயர்கள், மாதம் ஒருமுறை எடுத்த காயத்தின் போட்டோக்கள். முதலாளி நல்லவராகவே இருக்கலாம், உதவியும் செய்யலாம். மனு கொடுப்பதால் அவரை அவமதித்ததாக ஆகிவிடாது. பிள்ளைக்கு இனி எத்தனை வருஷ உழைப்பு பாக்கி இருக்கிறது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.