பாரீஸ் நகர ஆலயங்கள் நமக்குச் சொல்வது என்ன?



பாரீஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஈஃபிள் கோபுரம். 1889ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட இரும்புக் கோபுரம் அது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அந்நகரின் அடையாளமாக நிற்பவை அதன் ஆலயங்கள். பார்வையாளராக அல்ல, திருப்பயணியாக இவற்றைச் சந்தித்தால், நம் விசுவாச வாழ்வுக்கான பாடங்கள் அங்கே காத்திருக்கின்றன.

நோத்ருதாம் பேராலயம்

செய்ன் நதியின் நடுவே உள்ள தீவில், அன்னை மரியாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது இப்பேராலயம். 1163ஆம் ஆண்டு, ஆயர் மோரிஸ் தெ சுல்லியின் காலத்தில் பணிகள் தொடங்கின. நிறைவுபெற ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின. அடித்தளம் இட்டவர்கள், தாங்கள் முடிவைக் காணப்போவதில்லை என்று அறிந்தே கல் சுமந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793ல், இது பகுத்தறிவுக் கோவிலாக மாற்றப்பட்டது. பின்னர் மீண்டும் திருச்சபையின் வழிபாட்டுக்குத் திரும்பியது.

2019 ஏப்ரல் 15, புனித வாரத் திங்கள் மாலை. கூரை தீப்பற்றி எரிந்தது. கூர்கோபுரம் சரிந்து விழுந்தது. தெருக்களில் மக்கள் முழந்தாளிட்டு, அன்னையைப் பாடிச் செபித்தனர். எரியும் ஆலயத்திலிருந்து நற்கருணையும், ஆண்டவரின் முள்முடியாகப் போற்றப்படும் திருப்பண்டமும் மீட்கப்பட்டன. ஐந்து ஆண்டு உழைப்புக்குப்பின், 2024 டிசம்பர் 8 அன்று, அங்கே மீண்டும் திருப்பலி நிறைவேற்றப்பட்டது.

சேன்ட் ஷப்பேல்

அந்த முள்முடியை 1239ல் பாரீசுக்குக் கொண்டுவந்தவர் அரசர் புனித லூயி. அதை வைப்பதற்கென்றே அவர் கட்டிய சிற்றாலயம் இது, 1248ல் நேர்ச்சிக்கப்பட்டது. அதன் வண்ணக் கண்ணாடிகளில் 1,100க்கும் மேற்பட்ட காட்சிகள் உள்ளன. பெரும்பாலானவை விவிலியக் காட்சிகள். ஆனால் இன்று முள்முடி அங்கு இல்லை. நுழைவுச்சீட்டு பெற்றுப் பார்க்கும் நினைவுச்சின்னமாக அது நிற்கிறது. கண்ணாடிகள் ஒளிர்கின்றன, செபக்குரல்தான் ஓய்ந்துவிட்டது.

ஒரே ஆண்டு, இரு ஆலயங்கள்

நோயிலிருந்து குணம் பெற்ற பதினைந்தாம் லூயி அரசர், நகரின் பாதுகாவலியான புனித ஜெனவியேவுக்கு நேர்ந்துகொண்டு எழுப்பிய பேராலயமே பாந்தியன். 1791ல் புரட்சியாளர்கள் அதை நாட்டின் பெரியோரை அடக்கம் செய்யும் மண்டபமாக்கினர். அதன்பின் பலமுறை கை மாறி, 1885ல் எழுத்தாளர் விக்டர் யூகோ அங்கே அடக்கம் செய்யப்பட்டபோது, ஆலயம் என்ற நிலையை நிரந்தரமாக இழந்தது.

அதே 1885ல், மோன்மார்த் குன்றில், கட்டி முடிக்கப்படாத திரு இருதயப் பசிலிக்காவில் இடைவிடா நற்கருணை ஆராதனை தொடங்கியது. இரு உலகப் போர்களையும் கடந்து, இரவும் பகலும், இன்றுவரை அது தொடர்கிறது. நள்ளிரவிலும் எவராவது ஒருவர் நற்கருணை நாதர்முன் முழந்தாளிட்டிருக்கிறார்.

நமக்கும் மோன்மார்த்துக்கும் உள்ள உறவு

அக்குன்றின் சரிவில், பலர் கவனிக்காமல் கடந்துபோகும் எளிய சிற்றாலயம் ஒன்று உள்ளது. 1534 ஆகஸ்ட் 15 அன்று, அவ்விடத்தில் இருந்த சிற்றாலயத்தில் ஏழு மாணவர்கள் கூடினர். அவர்களில் ஒரே குருவான புனித பீட்டர் ஃபேபர் திருப்பலி நிறைவேற்ற, புனித இஞ்ஞாசியாரும் தோழர்களும் இறைவனுக்குத் தங்களை வாக்களித்தனர். அந்த எழுவரில் ஒருவர் புனித பிரான்சிஸ் சவேரியார். எட்டு ஆண்டுகளில், 1542ல், அவர் நம் முத்துக்குளித்துறையில் கால் பதித்தார். உலகம் வியக்கும் பேராலயத்தில் அல்ல, ஒரு சிற்றாலயத்தின் அமைதியில் எடுத்த வாக்கே நம் கடற்கரைக் கிராமங்கள்வரை வந்து சேர்ந்தது.

சிந்திப்போம்

தீயில் எரிந்த ஆலயம் மீண்டும் எழுந்தது. தீயே படாத ஆலயம் ஒன்று மண்டபமாகிப்போனது. ஆலயத்தை ஆலயமாகக் காப்பது கல்லும் கண்ணாடியும் அல்ல, அங்கே முழங்கால் மடக்கும் மக்களே. நாமே கடவுளின் கோவில் எனப் பவுலடியார் கொரிந்து நகர மக்களுக்கு எழுதியதும் இதனால்தான்.

நம் பங்கிலும் ஆலயத்தைப் புதுப்பிக்க நிதி திரட்டுகிறோம். திருவிழாவுக்கு மின்விளக்கு அலங்காரம் செய்கிறோம். நல்லதே. ஆனால் வாரநாள் திருப்பலியில் எத்தனை பேர் இருக்கிறோம்? நற்கருணைப் பேழைமுன் பத்து நிமிடம் அமர நமக்கு நேரம் இருக்கிறதா? நம் பேரப்பிள்ளைகள் நம் ஆலயத்திற்குச் செபிக்க வருவார்களா, படம் எடுக்க வருவார்களா? இன்று நம் முழங்கால்களே அதைத் தீர்மானிக்கின்றன.