பேப்பரைத் திருப்பினால் வேறு எழுத்து: கிரீ மொழிக்கு லிபி வந்த கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு உங்களுக்கு ஒரு வேலை தரப்போறேன். பஸ்ல நின்னுக்கிட்டு கேட்கிறவங்க மனசுக்குள்ளேயே செய்யலாம்.

ஒரு பேப்பர் எடுத்து ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒண்ணு வரைங்க. முனை கீழே, திறப்பு மேலே. இதோட ஒலி 'பே'. இப்போ பேப்பரைக் கடிகாரம் சுத்துற திசையில கால்வட்டம் திருப்புங்க. முனை இடது பக்கம் வந்துடுச்சு. இது 'ப'. இன்னொரு கால்வட்டம். முனை மேலே. இது 'பி'. இன்னொன்று. முனை வலது பக்கம். இது 'பொ'.

அடுத்து 'யு' மாதிரி ஒண்ணு வரைங்க. அதையும் அதே மாதிரி திருப்புங்க. தே, த, தி, தொ. கடைசியா, முனை கீழே இருக்கிற ஒரு முக்கோணம். ஏ, அ, இ, ஒ.

அவ்வளவுதான். இரண்டே நிமிஷத்தில் கிரீ மொழியின் பன்னிரண்டு எழுத்துகளைப் படிச்சுட்டீங்க.

கிரீ, கனடாவில் அதிகம் பேர் பேசும் பூர்வகுடி மொழி. ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து கிழக்கே ஜேம்ஸ் விரிகுடாவையும் தாண்டி, பல வட்டார வழக்குகளாக விரிந்து கிடக்கிறது. அதன் எழுத்துமுறையில் இருக்கும் தர்க்கம் ஒரே வரியில் சொல்லக்கூடியது: வடிவம் மெய்யைச் சொல்லும், அது பார்க்கும் திசை உயிரைச் சொல்லும். ஒன்பது வடிவங்கள், நான்கு திசைகள், மொத்தம் 36 எழுத்துகள். ப, த வரிசைகளில் வடிவம் சுற்றும். க, ம, ந, ச மாதிரி வரிசைகளில் சுற்றுவதற்குப் பதிலாக, கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டிப் போடுவார்கள். உயிர் இல்லாத மெய் வேண்டுமா? பக்கத்தில் மேலே தூக்கி ஒரு குட்டிக் குறி.

நமக்கு இது ரொம்ப அந்நியமா இருக்கக் கூடாது. உயிர்மெய் என்கிற எண்ணமே இதுதானே? ஆனால் நாம் கி, கீ, கெ, கொ என்று கொம்பும் காலும் சேர்க்கிறோம். உகர வரிசையில் அதுவும் ஒழுங்கா இல்லை. கு, சு, டு, நு, பு என்று வரிசையா எழுதிப் பாருங்க, எல்லாம் ஒரே விதமா இருக்காது. கிரீக் குழந்தைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

யார் உருவாக்கியது?

இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டையும் சொல்றேன்.

முதல் பதில் அச்சில் இருக்கும் வரலாறு. ஜேம்ஸ் எவன்ஸ் என்ற ஆங்கிலேய மெதடிஸ்ட் பாதிரியார் 1840இல் நார்வே ஹவுஸ் என்ற ஊருக்கு வருகிறார். இன்றைய மனிடோபா மாகாணத்தில், வின்னிபெக் ஏரியின் வடமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். அதற்கு முன்பே அவர் ஒஜிப்வே மக்களோடு வேலை செய்தவர். அந்த மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை ஒன்றை உருவாக்கி, 1837இல் புத்தகமாகவும் போட்டிருந்தார். கிரீக்கு வந்தபோது ரோமன் எழுத்தை விட்டுவிட்டு இந்தப் புது வழிக்குப் போகிறார். அந்தக் காலத்துச் சுருக்கெழுத்து, தேவநாகரி இரண்டின் பாதிப்பும் இதில் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அச்சு இயந்திரம் கையில் இல்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத் தகட்டை உருக்கி அச்செழுத்து வார்த்தார். புகைக்கரியையும் எண்ணெயையும் கலந்து மை. தாளுக்குப் பதில் பிர்ச் மரப்பட்டை.

இரண்டாவது பதில் கிரீ மக்களின் வாய்மொழி மரபு. மிஸ்தனஸ்கோவே என்று ஒருவர். அவர் இறந்துபோகிறார். சில நாள் கழித்து உயிரோடு எழுந்து வருகிறார், ஆவிகளின் உலகத்திலிருந்து இந்த எழுத்துகளோடு. மரப்பட்டையில் எழுதிக் காட்டி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். 'இந்த எழுத்தை ஒருநாள் வெள்ளைக்காரர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்வார்கள்' என்ற எச்சரிக்கையும் அந்தக் கதைக்குள்ளேயே வருகிறது.

இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிங்க. இந்த எழுத்து பரவிய விதம் இரண்டாவது கதைக்குத்தான் பொருந்துகிறது. பள்ளிக்கூடம் வைத்துப் பரவியதல்ல இது. வேட்டைக்குப் போனவர்களும் படகில் சரக்கு ஏற்றிப் போனவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிரியார்கள் போய்ச் சேராத முகாம்களுக்கும் எழுத்து போய்ச் சேர்ந்துவிட்டது. கரித்துண்டும் மரப்பட்டையும் இருந்தால் போதும்.

ஏன் இவ்வளவு சுலபம்?

வடிவத்தின் அழகு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, எதை எழுத வேண்டாம் என்று முடிவு செய்ததில் இருக்கிறது.

'பாம்பு' என்று சொல்லிப் பாருங்க. முதல் 'பா'வும் கடைசி 'பு'வும் ஒரே ஒலியா? முதலில் உதடு அழுத்தி வெடிக்கிறது, கடைசியில் மென்மையாகிறது. ஆனால் நாம் இரண்டுக்கும் ஒரே ப எழுத்தைத்தான் வைத்திருக்கிறோம். எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது தமிழ் பேசுகிறவருக்குத் தானாகவே தெரியும். கிரீயிலும் இதே கதைதான். இந்த வேறுபாடு அங்கேயும் அர்த்தத்தை மாற்றுவதில்லை. அதனால் ப, த, க வரிசைகளுக்குத் தலா ஒரே வடிவம். ஆங்கிலக் காதோடு வந்த ஒருவர் இரண்டிரண்டு எழுத்து வைத்திருந்தால், கற்கிறவருக்கு வேலை வீணாக இரட்டித்திருக்கும்.

ஆக, நல்ல எழுத்துமுறைக்கு முதல் விதி: அந்த மொழி எதை வேறுபடுத்துகிறதோ அதை மட்டும் எழுது.

ஒரு புள்ளியின் விலை

இந்த விதியை ஓர் இடத்தில் தளர்த்தினார்கள். அங்கேதான் சிக்கல்.

கிரீயில் குறில், நெடில் உண்டு. நெடிலுக்கு எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆனால் அன்றாடம் எழுதும்போது நிறையப் பேர் அந்தப் புள்ளியை வைப்பதில்லை. சமவெளிக் கிரீயில் 'நிபி' என்றால் தண்ணீர், 'நீபி' என்றால் இலை. 'சகஹிகன்' என்றால் ஆணி, 'சாகஹிகன்' என்றால் ஏரி. புள்ளியை விட்டுவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி.

தப்பா? தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. படகு ஆணியில் போகாது, ஏரியில்தான் போகும். நம்ம ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். படிக்கிற புலவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். எழுத்து பாதி சொல்லும், காது மீதியைச் சொல்லும்.

காது இல்லாமல் போனால்?

கனடாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உறைவிடப் பள்ளிகள் நடந்தன. 1,50,000க்கும் அதிகமான பூர்வகுடிக் குழந்தைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு அங்கே வளர்ந்தார்கள். தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை வாங்கினார்கள். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவே இல்லை. இன்று அந்தப் பேரக்குழந்தைகள் மொழியைத் திரும்பக் கற்க வருகிறார்கள். தாத்தா எழுதிய கடிதம் கையில் இருக்கிறது, 36 எழுத்தும் தெரியும். ஆனால் அது ஆணியா ஏரியா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பாட்டிக்குத் தேவைப்படாத புள்ளி, பேத்திக்கு அவசியம். அதனால்தான் கற்பவர்களுக்கான புத்தகங்கள் புள்ளிகளை முழுமையாகப் போடுகின்றன.

வடக்கே போனபோது

இதே எழுத்து இன்னும் வடக்கே, இன்யூட் மக்களின் இனுக்டிடுட் மொழிக்கும் போனது. அங்கே அ, இ, உ என்று மூன்றே உயிர்கள். நான்காவது திசையை 'ஐ' ஒலிக்கு வைத்திருந்தார்கள். 1976இல் எழுத்தைத் தரப்படுத்தியபோது அந்த வரிசையை நீக்கினார்கள். காரணம் இலக்கணம் இல்லை, டைப்ரைட்டரில் இடம் பத்தவில்லை. ஒரு இயந்திரத்தின் வசதிக்காக ஒரு வரிசையே போயிற்று. கியூபெக்கின் வடபகுதி மக்கள் பிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2019இல் கனடாவின் இன்யூட் தேசிய அமைப்பு இன்னொரு முடிவு எடுத்தது. இன்யூட் பகுதிகளில் அப்போது ஒன்பது எழுத்துமுறைகள் புழக்கத்தில் இருந்தன. ஓர் ஊரில் அச்சான பாடப்புத்தகம் இன்னோர் ஊரில் உதவாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ரோமன் எழுத்தில் ஒரு முறையை ஏற்றார்கள். திசை எழுத்தை யாரும் தடை செய்யவில்லை. எதை வைத்துக்கொள்வது என்பதை அந்தந்தப் பகுதி முடிவு செய்யும். சிலருக்கு இது நிம்மதி. கீபோர்டு எங்கேயும் கிடைக்கும், பாடப்புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். சிலருக்கு இது இழப்பு. கடைப் பலகையில், தபால் பெட்டியில், கல்லறைக் கல்லில் தங்கள் முகம்போல இருந்த எழுத்து அது.

இங்கேதான் 'எளிமையான, தர்க்கமான எழுத்து' என்கிற சொல்லையே நாம் கொஞ்சம் சந்தேகப்படணும். யாருக்கு எளிமை? வெளியூரிலிருந்து வந்த பாதிரியாருக்கா, டைப்ரைட்டர் கம்பெனிக்கா, வீட்டில் மொழி பேசும் பாட்டிக்கா, 20 வயதில் செல்போனில் முதல் வார்த்தை டைப் செய்கிற பேத்திக்கா? நாலு பேருக்கும் நாலு பதில். 1840இல் ஒருத்தர் நினைத்தால் 36 எழுத்தை ஈயத்தில் வார்த்துவிட முடிந்தது. அதில் ஒரு புள்ளி வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும், இன்னைக்கு அதில் எழுதுகிறவர்கள்தான் சொல்ல முடியும்.

முதலில் வரைந்த பன்னிரண்டு எழுத்தோட போட்டோ எடுத்து அனுப்புங்க, யார் யார் சரியா திருப்பியிருக்கீங்கன்னு பார்க்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.