நெய்யத் தெரிந்தவருக்கு விற்கக் கற்பித்தல்

காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியில் உட்காருபவருக்குக் கைத்திறன் பற்றிப் பிறர் சொல்லித்தர வேண்டியது குறைவு. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்வையாக இணைக்கும் வேலை வீட்டிலேயே பழகிவிடுகிறது. ஆனால் பெரும்பாலான தறிகளுக்குப் பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ தனியார் முதலாளியிடமிருந்தோ வருகின்றன. நெய்பவருக்குக் கிடைப்பது கூலி. எந்த நிறம், என்ன விலை, யாருக்கு விற்பது என்பதெல்லாம் தறிக்கு வெளியே முடிவாகின்றன. அதனால் ஏழை நெசவாளி ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைத்தால் இரண்டு இடங்களில் முட்டுகிறார்: வணிகக் கணக்கு, கையில் முதல். அரசு மானியத்தில் கட்டணமில்லாமல் நடக்கும் தொழில்முனைவோர் பயிற்சி முதலாவதற்காக வந்தது.

இதன் முன்மாதிரி கர்நாடகத்தில் பிறந்தது. 1982இல் உஜிரேயில் தர்மஸ்தலா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து, வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. அது பலன் தந்ததால் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2009இல் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை விரிவாக்கியது. கட்டடத்துக்கு மத்திய மானியம், இடத்துக்கு மாநில அரசு, நடத்துவதற்கு வங்கி என்பது ஏற்பாடு. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள கிராமத்தவரின் பயிற்சிச் செலவை அமைச்சகம் ஈடுசெய்கிறது. காஞ்சிபுரத்தில் இதை நடத்துவது இந்தியன் வங்கி. சில நாள்களிலிருந்து ஆறு வாரம் வரை நீளும் பயிற்சியில் தங்குவதும் சாப்பாடும் இலவசம்.

வகுப்பில் தையல், அழகுக்கலை, பால்மாடு வளர்ப்பு போன்ற தொழில்களோடு மனப்பயிற்சியும் உண்டு. வளையம் எறியும் விளையாட்டு அதில் ஒன்று. கம்பத்துக்கு எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதைப் பங்கேற்பவரே தீர்மானிக்க வேண்டும். மிக அருகில் நின்றால் வெற்றி நிச்சயம், ஆனால் மதிப்பெண் சொற்பம். மிகத் தொலைவில் நின்றால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான். தன் திறமைக்கு எட்டும் தூரத்தை அளந்து நிற்பவரே தொழிலுக்கு ஏற்றவர் என்று பயிற்சியாளர் விளக்குவார். இந்த முறையின் வேர், ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் சிறு வணிகர்களிடம் நடத்திய சோதனையில் இருக்கிறது. சாதிக்கும் ஊக்கம் பிறவிக் குணம் மட்டுமல்ல, பயிற்சியாலும் வளரும் என்பது அவர் கருத்து.

நெசவுக் குடும்பத்துக்கு இதைவிடப் பயன்படுவது அடக்கவிலைப் பாடம். பட்டும் ஜரிகையும் வாங்கிய விலை எல்லோருக்கும் நினைவிருக்கும். தார் சுற்றிய மனைவியின் உழைப்பும், சேலை விற்றுப் பணம் வரும்வரை முடங்கும் முதலுக்கான வட்டியும் கணக்கில் ஏறுவதில்லை. வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலையும் ஏறும். பழைய அடக்கத்தில் விலை சொன்னவர் லாபம் என்று நினைத்து விற்றது நஷ்டமாக முடியும்.

பயிற்சிச் சான்றிதழ் வங்கிக் கடனுக்கு வழி திறக்க வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் நகர்ப்புறப் பொதுப்பிரிவினருக்குத் திட்டச் செலவில் 15 சதவீதமும், கிராமப்புறப் பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. அந்தத் தொகை கையில் வராது. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே இருந்து பிறகு கடனில் கழியும். மாவட்டத் தொழில் மையத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

பயிற்சியும் பணமும் சேர வேண்டுமா என்ற கேள்விக்கு இலங்கையில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது. கொழும்பு, கண்டிப் பகுதிகளின் பெண்களைப் பற்றிய அதன் முடிவுகள் 2014இல் வெளியாயின. ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது லாபம் கூடவில்லை; நிதியும் சேர்த்தபோது கூடிய லாபம் இரண்டாம் ஆண்டில் மறைந்தது. புதிதாகத் தொடங்க நினைத்தவர்களிடம் பயிற்சி நன்றாகவே வேலை செய்தது: அவர்கள் விரைவில் தொடங்கினார்கள், லாபமும் உயர்ந்தது. கூலி நெசவிலிருந்து சொந்தத் தொழிலுக்குப் போக நினைப்பவர்கள் இந்த இரண்டாம் வகைக்கே நெருக்கமானவர்கள்.

பரம ஏழைகள் வராமல் போவதற்குக் காரணம் வேறு. பயிற்சி இலவசம் என்றாலும் தறி நிற்கும் நாள்களுக்குக் கூலி இல்லை. 2023இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அதன் 18 தொழில்களில் சிற்பிகளும், பூ கட்டுபவர்களும், தையல்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாடு அரசு 2024இல் அந்தத் திட்டத்தை அப்போதைய வடிவில் செயல்படுத்த மறுத்தது. கைத்தறி நெசவோ அந்தத் தொழில்களின் பட்டியலிலேயே இல்லை. பட்டுக்குப் பேர்பெற்ற ஊரில் இது பெரிய குறை. ஊரகப் பயிற்சியிலும் இழந்த கூலிக்கு ஈடு தருவதே நியாயம்.

பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகள் நிறுவனம் தொடர்ந்து உதவ வேண்டும் என்பது விதி. கடன் விண்ணப்பம் எங்கே நிற்கிறது, விற்ற சரக்குக்குப் பணம் வந்ததா, மறுமுறை பட்டு வாங்க முதல் மிச்சமிருக்கிறதா என்று அந்தக் காலத்தில்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.